இருவருக்கும் ஒரே ரிப்போர்ட்

சித்திரபுரம்
12 ஜனவரி 2025

அன்புள்ள யோகக்காவுக்கு,

செல்வா எழுதுவது. குளிர் எலும்பு வரைக்கும் போகிறது என்பதைத் தவிர இங்கே எல்லாருக்கும் சௌக்கியம். கொல்லங்கோட்டில் இப்போது இதமான வெயில் அடிக்கும். அதில் ஒரு கைப்பிடி உறைக்குள் போட்டு அனுப்ப முடியுமானால் அனுப்புங்கள்.

உறைபனியில் தேயிலை கருகிவிட்டது. ஃபாக்டரிக்கு இலை வரத்து பாதிதான். தூள் சலிக்கும் இடத்தில் நாங்கள் சும்மா உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறோம். அதே பனியைப் பார்க்க வருகிற கூட்டத்தால் என் மகன் அஜய்க்கு ஜீப்பை விட்டு இறங்க நேரமில்லை. அவன் அப்பா வழக்கம்போல. சாயங்காலம் ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்த மாதம் உங்களுக்கு ரத்தம் எடுக்கிற மாதம். எடுத்தீர்களா? கட்டி திரும்பியிருக்கிறதா என்று காட்டுகிற அந்த இன்ஹிபின் எண் எவ்வளவு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். எனக்கும் அடிமாலியில் போய் எடுக்கச் சொல்லி டாக்டர் சீட்டு கொடுத்திருக்கிறார். போகவில்லை. திட்டாதீர்கள் அக்கா. மூன்று வருடமாக நான் போகவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. உங்களுக்கு நன்றாக இருந்தால் எனக்கும் நன்றாக இருக்கிறது. நமக்கு வந்தது ஒரே நோய். ஆப்பரேஷன் ஒரே வாரம். எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். கருப்பையில் நோய் வந்தவர்கள் அந்த வார்டில் அத்தனை பேர் இருந்தும், சினைப்பையில் இந்த அபூர்வமான கிரானுலோசா கட்டி அந்த வருடம் நம் இருவருக்கு மட்டும்தான் என்று பெரிய டாக்டர் சொன்னாரே. கூடப் பிறந்தவர்களுக்குக்கூட இப்படி அமையாது.

ஆகவே நீங்கள் ஊசி குத்திக்கொள்ளுங்கள், நான் நிம்மதியாக இருக்கிறேன். வீட்டில் மோகனசுந்தரம் அண்ணாவையும் மகள் ஜீவிதாவையும் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் அன்புத் தங்கை,
செல்வலட்சுமி


கொல்லங்கோடு
3 பிப்ரவரி 2025

செல்வா கண்ணுக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. பதில் எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டதற்கு வேலை காரணம் இல்லை. மாந்தோப்பில் முதல் பறிப்பு நடக்கிறது, கோவிந்தாபுரம் பக்கத்திலிருந்து ஆள் வருகிறார்கள், போகிறார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் நீ அழுவாய், எனக்குக் கோபம் வரும். கடிதத்தில் இரண்டும் கொஞ்சம் ஆறிப்போய்தான் வந்து சேருகின்றன. அதற்காகத்தானே நாம் இந்தத் தபால் ஏற்பாட்டையே செய்துகொண்டோம்.

நேராகவே சொல்கிறேன். ரத்தம் எடுத்தேன். எண் ஏறியிருக்கிறது. ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்புக்குழிக்குள் நெல்லிக்காய் அளவில் ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டிக்கு அதுதான் குணமாம், மெதுவாக வளரும், பத்து வருடம் கழித்துக்கூடத் திரும்பி வரும். பெரிய டாக்டர் ஓய்வு பெற்ற பிறகு நம்மைப் பார்க்கிற டாக்டர் ஜினோ பக்குவமாகத்தான் சொன்னார். மறுபடி ஒரு ஆப்பரேஷன் வேண்டியிருக்கும், அவசரம் இல்லை, தள்ளிப்போடவும் கூடாது என்றார்.

என் வீட்டுக்காரர் காரில் திரும்பும்போது வடக்கஞ்சேரி வரைக்கும் ஸ்கேன் உறையை மடியிலிருந்து இறக்கவில்லை. அப்புறம், "அம்மிணி, அந்த ஸ்கேன் மெசினு பழசாட்ட இருக்குது. கோயமுத்தூருல ஒருக்கா பாத்துப்போடலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அழுதுவிடுவார் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

இனி முக்கியமான விஷயம். இது என் ரத்தம் செல்வா. உன்னுடையது அல்ல. இத்தனை நாள் உன் விளையாட்டுக்கு நானும் இடம் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் பஸ் ஏறி அடிமாலிக்குப் போய் உன் கையை நீட்டு.

உன் அக்கா,
யோகப்பிரியா


சித்திரபுரம்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள யோகக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஃபாக்டரி வாசலில் நின்றே படித்தேன். அழவில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள், எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உங்களுக்கு வந்துவிட்டது என்றால் எனக்கும் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று மனது உடனே அடங்கிவிட்டது. யோசித்துப் பார்த்தால் தை மாதத்திலிருந்து எனக்கும் அடிவயிறு கனமாகத்தான் இருக்கிறது.

அடிமாலிக்குப் போய் எதற்கு? தெரிந்த சேதியை மறுபடி கேட்கவா? அதற்குப் பதில் ஆகவேண்டிய காரியங்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். அஜய்க்குத் தேவிகுளத்தில் ஒரு பெண் பார்த்து வைத்திருந்தோமே, அடுத்த வருடம் செய்யலாம் என்று இருந்தோம், அதை வைகாசிக்கே முடித்துவிடச் சொல்லிவிட்டேன். ஃபாக்டரியில் வேலையை விட்டு நின்றுகொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டுப் புடவைகளை என் நாத்தனார் மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். நீங்கள் எடுத்துக் கொடுத்த மாம்பழக் கலர் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதைக் கொடுக்க மனசு வரவில்லை.

வீட்டுக்காரரிடம் காரணம் சொல்லவில்லை. "ஏ புள்ள, ஒனக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு? நல்லாருக்கிற வேலைய எதுக்கு விடுத?" என்று இரண்டு நாளாகக் கத்துகிறார். கத்தட்டும்.

அக்கா, ஆப்பரேஷனுக்குத் தேதி குறித்ததும் எழுதுங்கள். நானும் அதே வாரத்தில் வந்துவிடுகிறேன். போன தடவை மாதிரியே பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கேட்டு வாங்கிக்கொள்வோம். உங்களோடு என்றால் எனக்கு எதுவும் பயமில்லை.

உங்கள்
செல்வா


கொல்லங்கோடு
22 பிப்ரவரி 2025

செல்வா,

எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கு. புடவைகளையும் திரும்ப வாங்கு, வெட்கப்பட்டால் முடியாது.

அடிவயிறு தை மாதத்திலிருந்து கனக்கவில்லை. என் கடிதம் வந்ததிலிருந்து கனக்கிறது.

மிச்சத்தை நிதானமாக எழுதுகிறேன். இப்போது எழுதினால் தாளே எரிந்துபோகும்.

யோகப்பிரியா


கொல்லங்கோடு
20 மார்ச் 2025

செல்வா கண்ணுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபித்துக்கொண்டாய் என்று தெரிந்தது. அதனால் நம் ஏற்பாட்டை மீறி உன் வீட்டுக்காரர் சின்னமுத்துவுக்குப் போன் செய்தேன். விஷயத்தையும் சொல்லிவிட்டேன். நீ திட்டினால் திட்டு. அந்த மனிதர், "யக்கா, அவ எழுதிக் குடுத்தத நாந்தான் ஆப்பீசுல சொல்லி அமுக்கி வச்சிருக்கேன். கேட்டா கடுதாசியக் காணோம்னு சொல்லச் சொல்லியிருக்கேன்" என்றார். ரேடியோவோடு சண்டை போடுகிறார் என்று நீ கேலி செய்கிற ஆள்தான் உன் வேலையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. போன வாரம் டாக்டர் ஜினோவிடம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "ஏனுங்க டாக்டர், ஒரே பேரு, ஒரே நோவு, அப்பறம் ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தானுங்களே நடக்கோணும்?" என்று உனக்காக என் வீட்டுக்காரர்தான் கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. விளக்கினார். எனக்குப் புரிந்த அளவு எழுதுகிறேன்.

கட்டிக்குப் பெயர் வைப்பது ஒன்று, அது எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறொன்று. நம் கட்டியில் ஃபாக்ஸ்எல்-டூ என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். ஏறக்குறைய எல்லாக் கிரானுலோசாவிலும் அது உண்டு. அதை வைத்துத்தான் இது இன்ன கட்டி என்று உறுதி செய்கிறார்கள். அது உனக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். அதற்கு மேல் டெர்ட் என்று இன்னொன்று இருக்கிறது. அதில் மாற்றம் சிலருக்குத்தான் இருக்கும். அது இருந்தால் கட்டி திரும்பி வருவதும், வந்தபின் தொந்தரவு கொடுப்பதும் கூடுதல் என்று சில ஆய்வுகள் சொல்கின்றனவாம். அபூர்வமான நோய், பார்த்த நோயாளிகளே குறைவு, அதனால் இதுதான் முடிவு என்று யாரும் அடித்துச் சொல்லமாட்டார்கள் என்றும் சொன்னார். இதெல்லாம் கட்டிக்குள் மட்டும் நடந்த மாற்றம், பரம்பரையாக இறங்குவது அல்ல. ஜீவிதாவை நினைத்து நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

ஆப்பரேஷன் முடிந்து இரண்டாவது அபிப்பிராயம் கேட்கலாம் என்று அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கட்டியின் துண்டை மெழுகில் பதித்த வில்லையை வாங்கி வந்தோமே, நான் வாங்கினேன் என்று நீயும் வாங்கினாயே, அந்த ப்ளாக் போதுமாம் இதைப் பார்க்க. என்னுடையது அலமாரியில் பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது. பிப்ரவரியிலேயே கொடுத்தேன். முடிவு வந்துவிட்டது.

எனக்கு அந்த டெர்ட் மாற்றம் இருக்கிறது.

எழுதிவிட்டேன். எழுதியபிறகு போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பயமாகத்தான் இருக்கிறது செல்வா. ஆனால் என் பயத்தை நீயும் எடுத்து உடுத்திக்கொண்டு அலைவதைப் பார்க்க அதைவிட எரிச்சலாக இருக்கிறது. என் மாதிரியே இருக்க வேண்டும் என்று அத்தனை ஆசை என்றால், உன் ப்ளாக்கைக் கொண்டுவந்து கொடுத்து, உனக்கும் அது இருக்கிறது என்று காட்டு. காட்டிவிட்டால் நான் உன்னை ஒன்றும் சொல்லமாட்டேன். கல்யாணத்தை வைகாசியில் வை, சித்திரையில் வை.

உன் அக்கா,
யோகப்பிரியா


சித்திரபுரம்
30 மார்ச் 2025

அன்புள்ள யோகக்காவுக்கு,

கோபம் இல்லை. வெட்கம்தான். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கிறபோதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், அதைப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் எழுதியதை நாலைந்து தடவை படித்தேன். உங்களுக்கு அப்படி ஒன்று இருக்கிறது என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றுவிட்டேன். அக்கா, அதற்கு மருந்து உண்டா என்று நீங்கள் எழுதவில்லையே. கேட்டீர்களா?

என் ப்ளாக் என்னிடம் இல்லை. எங்கள் எஸ்டேட் மாரியம்மனிடம் இருக்கிறது. ஆப்பரேஷனுக்கு முன்னால், கட்டி நல்லபடியாக வெளியே வந்தால் அதை உன் காலடியிலேயே கொண்டுவந்து வைக்கிறேன் தாயே என்று வேண்டியிருந்தேன். கட்டியைக் கையில் தரமாட்டார்களே என்று கவலையாக இருந்தபோதுதான் நீங்கள் அந்த மெழுகு வில்லையை வாங்கினீர்கள். எனக்குக் கும்பிடப் போன தெய்வம் எதிரே வந்தது போல இருந்தது. கண்வலி போனவர்கள் வெள்ளியில் கண்மலர் வைக்கிறார்கள், கால் சரியானவர்கள் கால் வைக்கிறார்கள். நான் நிஜக் கட்டியையே வைத்தேன். எஸ்டேட்டில் யாரும் அப்படி வைத்ததில்லை என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அதைத் திரும்ப எடுத்தால் நோயையும் சேர்த்துத் திரும்ப எடுத்துக்கொண்ட மாதிரி ஆகாதா? கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறவளை அம்மன் என்னவென்று நினைப்பாள்? இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுக்கப் போகாததற்கு அம்மனும் காரணம் இல்லை, அடிமாலி தூரமும் காரணம் இல்லை. என் பெயர் போட்ட காகிதத்தைத் தனியாகப் பிரித்துப் படிக்க எனக்குத் தைரியம் கிடையாது. உங்கள் பெயரில் வந்தால் உங்களோடு சேர்ந்து படிக்கிற மாதிரி இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

உங்கள்
செல்வா


கொல்லங்கோடு
6 ஏப்ரல் 2025

செல்வா கண்ணுக்கு,

சிரிக்கவில்லை. நீ அம்மனிடம் கொடுத்தாய், நான் பிஸ்கட் டப்பாவிடம் கொடுத்தேன். யார் புத்திசாலி என்று சொல்வதற்கில்லை.

மருந்து உண்டா என்று கேட்டேன். டெர்டுக்கென்று குறிபார்த்து அடிக்கிற மருந்து இப்போது இல்லை. இருப்பதை வெட்டி எடுப்பார்கள், அப்புறம் மாத்திரை, அப்புறம் இதுவரை பார்த்ததைவிட அடிக்கடி பார்ப்பார்கள். அந்தச் சோதனை எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: கண்ணை மூடிக்கொண்டு இருக்காதே. ஆப்பரேஷனை ஜூன் நடுவில் வைத்திருக்கிறார்கள்.

அம்மன் விஷயத்தில் நான் தலையிடமாட்டேன். எங்கள் குலதெய்வத்திடம் கேட்காமல் என் வீட்டுக்காரர் ஒரு மாங்கன்றுகூட நட மாட்டார், அவரோடு முப்பது வருடம் குடும்பம் நடத்துகிறவள் நான். கோவிலில் போய்க் கேள். கொடுக்கக் கூடாது என்று சொன்னால் விட்டுவிடு. ரத்தம் மட்டும் எடு. ரத்தம் உன் உடம்பில்தானே ஓடுகிறது, அதை யாருக்கும் இன்னும் நேர்ந்துவிடவில்லையே.

காகிதத்தைப் பிரிக்கப் பயமாக இருந்தால் பிரிக்காமல் எனக்கு அனுப்பு. நான் படித்துச் சொல்கிறேன். இத்தனை நாள் என்னுடையதை நீ படித்தாய்.

யோகப்பிரியா


சித்திரபுரம்
4 மே 2025

அன்புள்ள யோகக்காவுக்கு,

நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

சித்திரைப் பூசை முடிந்த பிறகு பூசாரி அருள்குமாரிடம் போய் நின்றேன். அவர் எங்கள் ஃபாக்டரியில் காவல் வேலையும் பார்க்கிறவர், தெரிந்த மனிதர்தான். ஆனாலும் வாய் வரவில்லை. ஒருவழியாகச் சொன்னேன். அவர் வெள்ளிக் கண்மலர் கிடக்கிற தகரப் பெட்டியைத் திறந்தபடியே, "யக்கா, கண்ணு வலிச்சவுக இந்தக் கண்மலர எடுத்து மூணு சுத்து சுத்திட்டு இங்கனயே வச்சிட்டுப் போறாக. அடுத்த வாரம் வேற ஆளு வந்து இதையே எடுத்துச் சுத்துதாக. ஆத்தா என்னைக்காவது கோவிச்சிருக்காளா? ஒங்க வேல முடிஞ்சதும் கொண்டாந்து வச்சிருங்க" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உள்ளதச் சொல்லட்டா? இத்தன வருசமா இந்தப் பெட்டியத் தொடும்போதெல்லாம் எனக்கே கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு" என்றார். அக்கா, நான் கோவிலுக்குள் நின்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

எங்கள் ஊர்க் குளிருக்கு மெழுகு அப்படியே இருந்தது. நானும் வீட்டுக்காரரும் எர்ணாகுளம் போனோம். ஜினோ டாக்டர் வில்லையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தா, சிவப்பு?" என்றார். அம்மன் குங்குமம் என்றேன். மெல்லத் துடைத்துவிட்டு, துடைத்த பஞ்சைக் குப்பையில் போடாமல் மேஜை ஓரத்தில் வைத்தார். நல்ல மனிதர்.

ரத்தமும் கொடுத்தேன். அந்த முடிவு முந்தாநாள் வந்தது. உங்களுக்கு அனுப்பலாம் என்று உறையைக் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து நானே பிரித்தேன். எண் சரியாக இருக்கிறது. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. அடிவயிறு கனம் என்று எழுதினேனே, அது அன்றைக்கே போய்விட்டது, மானம் போகிறது.

வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அஜய் கல்யாணத்தை அடுத்த தைக்கே தள்ளிவிட்டோம், அவனுக்குத்தான் வருத்தம். ப்ளாக்கின் முடிவு வர இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகுமாம்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? பசிக்கிறதா?

உங்கள்
செல்வா


சித்திரபுரம்
26 மே 2025

அன்புள்ள யோகக்காவுக்கு,

முடிவு வந்துவிட்டது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஃபாக்ஸ்எல்-டூ இருக்கிறது. நீங்கள் சொன்ன அந்த இன்னொன்று எனக்கு இல்லை. இல்லை என்பதால் திரும்பி வரவே வராது என்று அர்த்தம் இல்லை, வருகிற வாய்ப்பு குறைவு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் வர வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வருகிறேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். அஜய் கேக் வாங்கி வந்தான். ஒரு துண்டு தின்று வைத்துவிட்டேன். உங்கள் வீட்டுத் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி இருந்தது. என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுதத் தோன்றுகிறது, எதற்கு என்றுதான் தெரியவில்லை.

செல்வா


கொல்லங்கோடு
31 மே 2025

செல்வா,

மன்னிக்க ஒன்றும் இல்லை. இதற்காகத்தானே நான் பிப்ரவரியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். நீ வேறு, நான் வேறு என்று உனக்குப் புரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்போது காகிதத்திலேயே வந்துவிட்டது.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை. பொறாமை வந்தது. சின்னப் பொறாமை இல்லை செல்வா, வயிறு எரிகிற பொறாமை. ஒரே வார்டு, ஒரே டாக்டர், ஒரே சாப்பாடு, எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். உன் பெயரைச் சொல்லிக்கூடக் கேட்டேன். சந்தோஷம் மறுநாள் காலையில்தான் வந்தது, அதுவும் முழுசாக வரவில்லை. உன்னிடம் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

கொஞ்ச நாளைக்கு நீ எனக்கு எழுதாமல் இரு. உன் கையெழுத்தைப் பார்த்தால் எனக்கு இப்போது ஆறுதல் வரவில்லை. நல்லபடியாக இருக்கிறவர்கள் எழுதுகிற கடிதம் எத்தனை அன்பாக இருந்தாலும் ஒரு வாசனை அடிக்கிறது. இது தீரும், தீர்ந்ததும் நானே எழுதுகிறேன்.

ஆப்பரேஷன் ஜூன் பதினாறு. முந்தின நாள் சேர வேண்டும். பக்கத்துக் கட்டில் கேட்கிற வேலை உனக்கு இனி இல்லை. பெண்கள் வார்டில் ஆண்களைத் தங்க விடமாட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் இப்போதே புலம்புகிறார். ஜீவிதாவுக்கு இது ஏழாம் மாதம், அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாலக்காட்டில் ஒரு ஏஜென்சியில் ஹோம் நர்ஸ் சொல்லியிருக்கிறோம். முன்பின் தெரியாத ஒருத்திதான், பரவாயில்லை. இப்போது எனக்குத் தெரியாதவர்கள்தான் சௌகரியம்.

நன்றாக இரு. இதை மனதோடுதான் எழுதுகிறேன்.

யோகப்பிரியா


சித்திரபுரம்
7 ஜூன் 2025

அன்புள்ள யோகக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் பிரிக்காமல் வைத்துவிடுங்கள், அண்ணா பிரித்துப் படிப்பார்.

பாலக்காட்டு ஏஜென்சிக்கு வேண்டாம் என்று சொல்லச் சொல்லி அண்ணாவிடம் போனில் பேசிவிட்டேன். அவர், "அய்யோ, அவ என்னைய வையுவாளேம்மிணி" என்றார். அந்தத் திட்டை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

ஃபாக்டரியில் பதினைந்தாம் தேதியிலிருந்து ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடுதாசியை யாரும் அமுக்கி வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

வார்டில் நோயாளிக்குத் துணையாகத் தங்குகிற கூட்டிருப்புக்கு, அவர்கள் பைஸ்டாண்டர் என்கிறார்களே, அதற்குப் பெயர் கொடுக்க நேற்று எர்ணாகுளம் போயிருந்தேன். அங்கே இருந்த சிஸ்டருக்கு என்னை ஞாபகம் இருந்தது. "நிங்ஙள் இவிடத்தெ பேஷன்ட் அல்லே? பேஷன்டை பைஸ்டாண்டர் ஆக்கான் பற்றில்லா" என்றார். நம் நோய் வந்தவர்கள் கூட இருக்க முடியாதாம். ராத்திரி கண் விழிக்க வேண்டும், நோயாளியைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், உடம்பு திடமாக இருக்கிறவர்கள்தான் வேண்டுமாம். நான் பையைத் திறந்து என் ரிப்போர்ட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தேன். ரத்தம், ஸ்கேன், ப்ளாக், மூன்றும். அவர் ஜினோ டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டார். பாஸ் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நான் அந்தக் காகிதங்களைப் பார்த்து முதல்முறையாகச் சந்தோஷப்பட்டது அப்போதுதான் அக்கா. அஜய் கேக் வாங்கி வந்த அன்றைக்கு இல்லை.

பொறாமை இருந்தால் இருக்கட்டும். எனக்கு வந்து உங்களுக்கு வராமல் இருந்திருந்தால் நானும் உங்களைப் பார்த்து எரிந்திருப்பேன், அழுதுகொண்டே எரிந்திருப்பேன், அது இன்னும் மோசம். என்னைப் பார்க்கப் பிடிக்காதபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் பேசமாட்டேன். கஞ்சியை மட்டும் நேரத்துக்குக் கொடுப்பேன்.

பதினைந்தாம் தேதி காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன். நீங்கள் வருவதற்குள் வார்டு வாசலில் இருப்பேன். பக்கத்துக் கட்டிலில் எனக்கு இடம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள், உண்மைதான். கூட்டிருப்புக்காரர்கள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துத்தான் படுக்க வேண்டும். பாய் வாங்கிவிட்டேன். ராத்திரி எது வேண்டுமானாலும் கையைக் கீழே தொங்கவிடுங்கள் அக்கா, பிடித்துக்கொள்கிறேன்.

செல்வா